தாத்தாவின் ஒன்பது கைலிகள்

தாத்தா போய் மூன்று வருடம் ஆகிறது. அவருடைய தகரப் பெட்டியில் ஒன்பது கைலிகள் இருந்தன. ஆயா அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. அவ்வப்போது பெட்டியைத் திறந்து காய்ந்த வேப்பிலையை மாற்றிப் போடுவாள், மூடுவாள். போன ஐப்பசி மழையில் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. வெயில் தலைகாட்டின அன்றைக்கு, நானும் அம்மாவும் ஒன்பதையும் எடுத்து வலை உலர்த்துகிற கயிற்றில் போட்டோம். ஏரிக்காற்றில் வரிசையாக ஆடின. நீலக் கட்டம், பச்சைக் கட்டம், செங்கல் நிறத்தில் ஒன்று, கட்டமே மங்கி வெள்ளையாகிப்போன ஒன்று. இவை மறுபடி அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது என்று எனக்கு அப்போதே பட்டது. போர்வையாகத் தைக்கலாமா என்று ஆயாவிடம் கேட்டேன்.

“வெட்டுவியா?” என்றாள்.

“வெட்டித்தான் ஆயா தைக்கணும்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “மூட்டை நானே பிரிச்சித் தரேன். நான் மூட்டினதுதான்” என்றாள்.

கைலி கட்டாத வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கடையில் வாங்கும்போது கைலி இரண்டு மீட்டர் நீளத் துணி. அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்து வளையமாக்கினால்தான் கட்ட முடியும். அதற்குப் பெயர்தான் மூட்டுவது. இப்போது தையல்காரரிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் மிஷினில் ஓட்டிக் கொடுத்துவிடுவார். தாத்தாவுடையதை எல்லாம் ஆயா கையால் மூட்டியிருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக அறுத்து, மடிப்பை விரித்தாள். உள்ளே விரல் அகலம்கூட இல்லாத ஒரு கோடு, நல்ல கருநீலமாக இருந்தது. வெளியே அந்தக் கைலி மழைமேகம் மாதிரி சாம்பலாகியிருந்தது. வெயிலும் உப்புத் தண்ணீரும் சவுக்காரமும் படாமல், வாங்கின நாளின் நிறம் அந்த மடிப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆயா கட்டை விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். “இந்தக் கலருதான் அவருக்கு. பொன்னேரில வாங்கினது” என்றாள். இவ்வளவு நீலமான கைலியோடு தாத்தாவை நான் பார்த்ததே இல்லை.

எனக்குத் தையல் தெரியாது. பொத்தான் தைப்பேன், ஓரம் பிரிந்தால் மடித்துத் தைப்பேன், அவ்வளவுதான். என்னை மாதிரி முதல்முறை ஊசி எடுக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீடியோக்களைப் பார்த்தால் உருளைக் கத்தி, அதற்கென்று ஒரு பாய், கண்ணாடி மாதிரி அளவுகோல் எல்லாம் வாங்கச் சொல்கிறார்கள். முதல் போர்வைக்கு எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் பழைய கைலி இருந்தால் போதும். கைலியில் இருக்கிற கட்டமே அளவுகோல். பூப்போட்ட துணியில் நீங்கள் கோணலாக வெட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது, தைக்கும்போதுதான் இழுக்கும். கட்டத் துணியில் ஒரு நூல் தப்பினால்கூட அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிற ஆள் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

இந்தக் கட்டத் துணிக்கும் எங்கள் ஊருக்கும் இருக்கிற உறவைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அவர்களுடைய கல்லறைகளைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், நல்லதுதான். ஆனால் அவர்கள் இங்கே வந்தது துணிக்காக. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த பருத்தித் துணியை இங்கிருந்து கப்பலேற்றி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். கப்பல் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது, பெயர் மட்டும் போன இடத்திலேயே தங்கிவிட்டது. மலேசியாவில் ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் ‘காயின் பெலிக்காட்’ என்றுதான் பெயர். காயின் என்றால் துணி, பெலிக்காட் என்றால் பழவேற்காடு. மெக்சிகோவில் கழுத்திலும் தலையிலும் கட்டுகிற கைக்குட்டையை ‘பாலியகாத்தே’ என்கிறார்கள். அதுவும் எங்கள் ஊர்தான்.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது கலபாரி மக்களைப் பற்றிப் படித்ததுதான். நைஜீரியாவில் நைஜர் ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்துத் தீவுகளில் வாழ்கிறவர்கள். மீன்பிடித்தலும் வணிகமும் அவர்கள் தொழில். நம் பக்கத்திலிருந்து போன மெட்ராஸ் கட்டத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இஞ்சிரி’. அந்த வீட்டுப் பெண்கள் பிளேடை வைத்துத் துணியில் குறிப்பிட்ட நூல்களை மட்டும் அறுத்து உருவி எடுப்பார்கள். உருவின இடம் சல்லடை மாதிரி ஒளிவிட, பழைய கட்டத்துக்குள் புதிய கட்டம் ஒன்று வரும். இதற்கு ‘பெலெட்டே பிட்டே’ என்று பெயர், அறுத்த நூல் துணி என்று அர்த்தம். வீட்டில் மூத்தவர் இறந்தால், தலைமுறையாகப் பெட்டியில் காத்து வைத்த துணிகளை எடுத்து, அவரைக் கிடத்துகிற கட்டிலை அலங்கரிப்பார்கள். நம் துணி அங்கே அப்படி மதிக்கப்படுகிறது. ஆயாவிடம் இதைச் சொன்னேன். “அவங்களும் ஏரிக்காரங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் சாயம். எனக்கு மழைத் தண்ணீரே சோதனை செய்து காட்டிவிட்டது. நனைந்த பெட்டிக்குள் செங்கல் நிறக் கைலி பக்கத்திலிருந்த வெள்ளைக் கைலியில் சாயத்தை இறக்கியிருந்தது. தைத்து முடித்த பிறகு இது நடந்திருந்தால் நாலு மாத உழைப்பும் கறையாகியிருக்கும். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும் அலசுங்கள். பிறகு ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். அப்படி நிற்பதாக இருந்தால் எங்கள் ஏரித் தண்ணீரில் நனைந்த கைலி எதுவும் வெளுத்திருக்காது. செங்கல் நிறத்தை நான் நாலு தடவை அலசினேன். ஒரு காலத்தில் சாயம் போவதே இந்தத் துணிக்குப் பெருமையாக இருந்திருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத் துணியை, துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும் என்று சொல்லியே விற்றார்கள். சட்டைக்கு அது அழகாக இருக்கலாம், போர்வைக்கு ஆகாது.

அடுத்தது எந்த இடத்தை எடுப்பது, எதை விடுவது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நைனா, என் அப்பா.

எங்கள் ஏரியில் பாடு முறை உண்டு. இறால் கிடைக்கிற இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. எந்த ஊருக்கு எந்த நாள், ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதை முறை வைத்தும் சீட்டுப் போட்டும் பிரித்துக்கொள்வார்கள். பாடு இல்லாத நாளில் நைனா வாசலில் உட்கார்ந்து வலை தைப்பார். என் தையலும் அவர் பக்கத்திலேயே நடந்தது. கிழிந்த வலையை அவர் நேரடியாகத் தைக்க ஆரம்பிப்பதில்லை. முதலில் ஓட்டையைப் பெரிதாக்குவார். அறுந்து தொங்குகிற நூல்களையும் பாதிக் கண்ணிகளையும் கத்தியால் நறுக்கிக்கொண்டே போய், நாலு பக்கமும் முழுக் கண்ணி வந்த பிறகுதான் வலை ஊசியை எடுப்பார். நான் மங்கிப்போன ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு இதை வைக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: “நல்ல கண்ணி வர்ற வரிக்கும் வெட்டணும்மா. நஞ்சதுல முடிச்சி போட்டா முடிச்சி நிக்கும், பக்கத்துல வுட்டுடும்.”

துணிக்கும் அதே கதைதான். நைந்த துண்டை நல்ல துண்டோடு சேர்த்துத் தைத்தால் தையல் நிற்கும், அதற்குப் பக்கத்தில் கிழியும். கைலியில் உட்காருகிற இடம் சீக்கிரம் நையும், இடுப்பில் சொருகுகிற இடமும் அப்படித்தான். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரியும். இன்னொரு சோதனை, காது. ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து இரண்டு கையாலும் கிழித்தேன். நல்ல துணி ‘சர்ர்’ரென்று நேர்கோட்டில் கிழியும். நைந்தது சத்தமே இல்லாமல் பிரியும். கிழிப்பதில் இன்னொரு லாபம், பருத்தி தன் நூலோடு ஒட்டியே கிழியும் என்பதால் கத்தரிக்கோலைவிட நேராக வரும். முதலில் ஆறரை அங்குல அகலத்துக்குப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டேன். பிறகு அந்தப் பட்டைகளைக் கட்டக் கோட்டைப் பார்த்துச் சதுரமாக வெட்டினேன்.

நல்ல இடங்கள் மேல்பக்கத்துக்கு. மெலிந்து மெத்தென்று ஆன இடங்கள் உள்ளே வைக்க. அதற்கும் தேறாதவை படகு இஞ்சின் துடைக்கிற சாக்குக்குள் போயின. நீலக் கைலியின் நல்ல பாகத்தில், தொடைக்கு மேல் வருகிற இடத்தில், பீடி நெருப்பு விழுந்து இரண்டு ஓட்டை. அதையும் சுற்றி வெட்டிச் சாக்கில் போட்டேன்.

என் கணக்கு இது. அகலத்துக்கு 9 துண்டு, நீளத்துக்கு 12. மொத்தம் 108, ஒரு கைலிக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஆறரை அங்குலச் சதுரம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும் என்பதால் தைத்த பிறகு ஆறு அங்குலம் நிற்கும். போர்வை நாலரை அடிக்கு ஆறு அடி. வரிசைக்கு 8 தையல் வீதம் 96 சின்னத் தையல், வரிசைகளைச் சேர்க்க 11 நீளத் தையல். எல்லாம் கையால்தான்.

முதல் மூன்று வரிசையை முடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மனசு விட்டுப்போய்விட்டது. மூன்றும் மூன்று நீளம். ஒன்று மற்றதைவிட இரண்டு அங்குலம் குறைவு. ராத்திரியெல்லாம் யோசித்துக் காலையில் அளந்து பார்த்ததில் காரணம் கிடைத்தது. அந்த வரிசையில் கால் அங்குலம் விட வேண்டிய இடத்தில் அரைக்கால் அங்குலம் கூடுதலாக விட்டிருக்கிறேன். அரைக்கால் அங்குலம் என்பது நெல் அகலம். ஆனால் ஒரு தையலில் இரண்டு துண்டும் சேர்கின்றன, அதனால் தையலுக்குக் கால் அங்குலம் போகிறது. எட்டுத் தையலுக்கு இரண்டு அங்குலம். எல்லா வரிசையும் ஒரே மாதிரி கூடியிருந்தால் போர்வை சின்னதாகும், அவ்வளவுதான். வரிசைக்கு வரிசை மாறினால்தான் மூலையோடு மூலை சேராமல் போகிறது.

நைனா இதைப் பார்த்துவிட்டு எழுந்து போய், மூங்கிலைச் சீவிக் கால் அங்குல அகலத்தில் ஒரு பட்டை கொண்டுவந்து கொடுத்தார். வலை பின்னும்போது கண்ணி ஒரே அளவாக வர அவரும் இப்படி ஒரு மூங்கில் பட்டையைத்தான் வைத்துக்கொள்வார், அதில் நூலைச் சுற்றித்தான் முடிச்சுப் போடுவார். “கண்ண நம்பாத. பட்டைய நம்பு” என்றார். துணியின் ஓரத்தில் பட்டையை வைத்து பென்சிலால் கோடு இழுத்து, கோட்டின் மேலேயே தைத்தேன். மூன்று வரிசையையும் பிரித்து மறுபடி தைக்க ஒன்பது நாள் ஆனது. அதற்குப் பிறகு ஒரு வரிசைகூடத் தப்பவில்லை. அந்தப் பட்டையை இப்போதும் ஊசிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இரண்டு வரிசையைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் செய்யுங்கள். தைத்த இடத்தில் பின்பக்கம் நிற்கிற மடிப்பை, முதல் வரிசையில் எல்லாம் இடப்பக்கம் சாயும்படி இஸ்திரி போடுங்கள், அடுத்த வரிசையில் வலப்பக்கம். இரண்டையும் முகத்தோடு முகம் வைத்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே மூலை சேர்ந்துவிட்டது தெரியும். எல்லா மடிப்பும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்த இடம் முண்டு கட்டி ஊசி இறங்காது.

நிறங்களை எப்படி அடுக்குவது என்பதில் நான் ரொம்பக் குழம்பினேன். அப்போது உதவியது அமெரிக்காவின் அலபாமாவில் இருக்கிற ஜீஸ் பெண்ட் என்ற ஊர். மூன்று பக்கமும் ஆறு வளைத்த ஊர், பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் ஊர். அங்கே 1942ல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளை வைத்து ஒரு போர்வை தைத்தார். அதன் படத்தைப் பார்த்தேன். முழங்கால் பட்டு வெளுத்த இடம், கறை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. கட்டங்கள் ஒன்றுக்கொன்று அளவாக இல்லை. அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தின் சுவரில் தொங்கின. அதற்கப்புறம் நிறப்பொருத்தம் பார்ப்பதை விட்டுவிட்டேன். தாத்தா எந்தக் கைலியை முதலில் வாங்கினார், எது கடைசி என்று ஆயா சொல்லச் சொல்ல அந்த வரிசையிலேயே வைத்தேன். பழையது கால்மாட்டில், கடைசியாகக் கட்டினது தலைமாட்டில்.

அடிப்பக்கத்துக்கு ஆயாவின் பருத்திச் சேலை. சேலையின் அகலம் நாலடிக்குள்தான் இருக்கும், போர்வையோ நாலரை அடி. அதனால் இரண்டு நீளமாக வெட்டி நடுவில் சேர்த்துத் தைத்தேன். அதன் மேல் மெலிந்த கைலித் துணி இரண்டு அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே தைத்த முகப்பு. பஞ்சு வைக்கவில்லை. எங்கள் ஊர் வெக்கைக்குப் பஞ்சு ஆகாது, மார்கழி வாடைக்கு நாலு அடுக்குப் பருத்தி தாராளம். சிமென்ட் தரையில் விரித்துச் சுருக்கம் எடுத்து, நகராமல் இருக்க நாலு ஓரத்திலும் நைனாவின் வலை ஈயக்குண்டுகளை வைத்தோம். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெரிய பெரிய தையலாக முதலில் ஓட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் தொய்வு வெளியே நகர்ந்துகொண்டே போகும், ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் மூட்டையாகும்.

ஓரத்தில் ஆரம்பித்து நடுவில் முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் முறையே வேறு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஹளியாள், எல்லாபூர், முண்ட்கோட் பக்கத்துக் காட்டு ஊர்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் தைக்கிற ‘கவந்தி’க்குத் துண்டுகளை முதலில் தனியாகச் சேர்ப்பதே கிடையாது. பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்துத் தைத்து, ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையலில் நடந்துவிடும். அளவே பார்க்க வேண்டாம். கணக்குக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் இந்த முறையில் ஆரம்பிக்கலாம், நான் மனதாரச் சொல்கிறேன். கடைசியில் நாலு மூலையிலும் துணியை மடித்து இதழ் மாதிரி தைப்பார்கள். அதன் பெயர் பூ. பூ வைக்காத போர்வை அவர்களுக்கு முடிந்த போர்வை இல்லை. என் போர்வைக்கும் நாலு பூ வைத்தேன். ஆயா பிரித்துக் கொடுத்த மூட்டுகளின் உள்பக்கத்துக் கருநீலத்தை அதற்காகவே எடுத்து வைத்திருந்தேன்.

கடைசித் தையல்தான் ருசி. கட்டக் கோட்டின் மேலேயே ஊசியை முன்னே முன்னே ஓட்டிக்கொண்டு போனால் போதும். அங்குலத்துக்கு நாலு தையல் விழுந்தால் உறுதி. நூலை மெழுகுவத்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள், சிக்காது. எங்கள் உப்புக்காற்றில் ஊசி ஒரு வாரத்தில் துரு ஏறிக் கரகரக்கும். ஆயா அதைத் தலைமுடியில் ஒரு முறை உருவிக்கொள்வாள், எண்ணெய் பட்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். நான் நூலை இறுக்கி இழுத்த இடங்களில் துணி சுருங்கியது. நைனா பார்த்துவிட்டு, “இஸ்துப் புடிக்காத, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். சாயங்காலத்தில் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். மீன் விற்ற கணக்கு, சீட்டுக் கணக்கு, முகத்துவாரம் மண் மூடிக்கொண்டு வருகிற கவலை எல்லாம் அந்தப் போர்வையின் மேலேதான் பேசப்பட்டன. யார் தைத்தது எந்த இடம் என்று இப்போதும் என்னால் காட்ட முடியும். அத்தையின் தையல் அரிசி மாதிரி, அம்மாவுடையது நீளம்.

மாசியில் முடிந்தது. ஆயாவின் கட்டிலில் விரித்தேன். நைனா ஏரியிலிருந்து வந்து, கை கால் கழுவி, போர்வையைப் பார்த்தார். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நீலக் கட்டத்தில் நின்றார். அந்தப் பன்னிரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டுத் தேடினார்.

“பீடி ஓட்டை எங்க?”

“வெட்டிட்டேன் நைனா. நீங்கதான சொன்னீங்க, நல்ல கண்ணி வர்ற வரிக்கும்னு.”

தலையை ஆட்டினார். “படகுல தூங்கிட்டாரு அன்னிக்கி. என் மடியில தலைய வெச்சினு. நாந்தான் நெருப்பத் தட்டி வுட்டேன். எட்டு வயசு எனுக்கு.”

இஞ்சின் சாக்கைக் கொட்டித் தேடினோம். அடியில் இருந்தது, ஒரு பக்கம் டீசல் கறை பட்டு. சோப்புப் போட்டு மூன்று முறை கசக்கினேன், கறை முழுவதும் போகவில்லை. அந்தத் துண்டுக்கு அடியில் புதுத் துணி ஒன்றைத் தாங்கலாகக் கொடுத்து, இரண்டு ஓட்டையின் ஓரத்தையும் நெருக்கமாகச் சுற்றித் தைத்து, போர்வையின் பின்பக்கத்தில், ஆயாவின் சேலை மேல், நெஞ்சுக்கு நேராக வருகிற இடத்தில் வைத்துத் தைத்தேன். அது 109வது துண்டு. ஆயா அந்தப் பக்கத்தைத்தான் உள்பக்கமாக வைத்துப் போர்த்திக்கொள்கிறாள்.